ராக்ஸ்பரியிலிருந்து வத்தலக்குண்டுக்கு

மதுரை, விளக்குத்தூண்

சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியின் முதல் பதிப்பாசிரியர் மதுரையில் பிறந்தவர். பெயர் ஜான் ஸ்கடர் சாண்ட்லர். 1849இல் பிறப்பு, 1934இல் கோடைக்கானலில் இறப்பு. படிப்புக்காக அமெரிக்காவில் இருந்த காலத்தைக் கழித்துவிட்டால், அந்த நீண்ட வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் கழிந்தது. பாளையங்கோட்டையில் என் மேசையில் லெக்சிகன் தொகுதிகள் எப்போதும் விரிந்தே கிடக்கும். நாள்தோறும் புரட்டுகிற நூலின் முதல் ஆசிரியர் எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று தேடப் போய்த்தான் இந்தப் பயணம் வாய்த்தது.

தேடலின் மறுமுனை இங்கிலாந்தில், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்துப் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய வில்லியம் சாண்ட்லரும் மனைவி ஆனிஸும் பிள்ளைகளோடு 1637இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ராக்ஸ்பரி என்ற ஊரில் குடியமர்ந்தார்கள். 1630களில் நியூ இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர்கள் சுமார் இருபதாயிரம் பேர். அரசத் திருச்சபையின் சடங்குகளை ஏற்க மறுத்த தூய்மைவாதிகள் அவர்களில் நிறைய. துணித் தொழில் நொடித்துப் பிழைப்புத் தேடிப் போனவர்களும் உண்டு. போன சில ஆண்டுகளிலேயே வில்லியம் காசநோயில் இறந்தார். ஆனிஸ் மறுமணம் செய்துகொண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். மகன் ஜான், 1686இல் கனெக்டிகட் பக்கம் உட்ஸ்டாக் என்ற புது ஊர் எழுந்தபோது அங்கே போனவர்களில் ஒருவர். அந்த உட்ஸ்டாக் கிளையில் வந்த ஜான் எடி சாண்ட்லர் 1847இல் மனைவி சார்லட்டோடு மதுரைக்கு வந்தார். அவர்கள் மகன்தான் நம் லெக்சிகன்காரர்.

இந்தக் குடும்பத்தின் தலைமுறைகளை ஜார்ஜ் சாண்ட்லர் என்ற மருத்துவர் பெரிய நூலாகத் தொகுத்து 1872இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் 1538 முதல் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற ஆணை இருந்தது. நியூ இங்கிலாந்துக்காரர்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஊர்க் கணக்கு, உயில், நிலப் பத்திரம் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அதனால்தான் பெரிய மனிதர்களாக இல்லாத குடும்பங்களுக்குக்கூட அங்கே முந்நூறு நானூறு ஆண்டு வரலாறு கிடைக்கிறது.

மதுரையில் நான் முதலில் போய் நின்ற இடம் விளக்குத்தூண். பேருந்துக்காரரும் ஆட்டோக்காரரும் ஜவுளி வாங்க வருகிறவரும் நாளுக்கு நூறு முறை சொல்லும் பெயர். தூண் யாருக்காக நிற்கிறது என்று பருத்திப்பால் வண்டிக்காரரிடம் கேட்டேன். "யாரோ கலெக்டருன்னு சொல்வாங்கண்ணே. கோட்டைய இடிச்சவரு." சரியாகத்தான் சொன்னார். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுந்தது அது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து டாட், ஹோய்சிங்டன் என்ற இரண்டு அமெரிக்கப் போதகர்கள் மதுரை வந்து மிஷனைத் தொடங்கினார்கள். அதையடுத்த ஆண்டுகளில்தான் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் வைத்தார். சுவர் நின்ற இடம் வெளி வீதி ஆனது. வேலையை நடத்தியவர்களின் பெயர்கள் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் மாரட் வீதியிலும் இன்றும் நிற்கின்றன. மதில் இடிந்து தூசி பறந்துகொண்டிருந்த நகரத்தில் அந்தப் போதகர்களின் குழந்தைகள் பிறந்தார்கள்.

பருத்திப்பால் சூடாக இருந்தது. வெல்லமும் சுக்கும் தூக்கலாக, அடியில் கொஞ்சம் அரிசி தட்டுப்பட்டது. எங்கள் ஊரில் இந்தப் பானம் இப்படித் தெருத்தெருவாக விற்பதில்லை. குடித்து முடிக்கும்வரை வண்டிக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். அங்கிட்டுப் போனால் புதுமண்டபம், இங்கிட்டு வந்தால் மஹால் என்று வழி சொன்ன அந்தப் பேச்சுத்தான் 1849இல் பிறந்த வெள்ளைக்காரக் குழந்தையின் காதிலும் விழுந்திருக்கும். பங்களாவுக்குள் ஆங்கிலம், தண்ணீர் கொண்டுவந்தவர், சமைத்தவர், குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஆயா ஆகியோர் பேசியது மதுரைத் தமிழ். தலைமுறை நூல்களில் இந்த ஆயாக்கள் இருப்பதில்லை. ஒரு மனிதனுக்குப் பேச்சுக் கொடுத்தவர்களும் அவன் முன்னோர்தான் என்று எனக்கு அந்த வண்டியருகே உறுதியாகத் தோன்றியது. பயணம் முழுவதும் அதையே மனத்தில் வைத்துக்கொண்டு போனேன்.

கோரிப்பாளையம், அமெரிக்கன் கல்லூரி

வைகையைத் தாண்டினால் கோரிப்பாளையம். ஆற்றில் நடுவே ஒரு கோடு போலத் தண்ணீர், மற்றதெல்லாம் புல். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவனுக்கு இந்த ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கும். இதே ஆற்றில் அழகர் இறங்கும் நாளில் தலைகள்தான் வெள்ளம் என்பதையும் மதுரைக்காரர்கள் மறக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

அமெரிக்கன் கல்லூரி 1881இல் பசுமலையில் பிறந்து 1904இல் நகரத்துக்கு வந்தது. ஹென்றி இர்வின் வடிவமைத்த சிவப்புக் கட்டடமும் அதைச் சுற்றிய மரங்களும் வெயிலை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. நூலகத்துக்கு டேனியல் பூர் பெயர். மாசசூசெட்ஸில் 1789இல் பிறந்து யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்தியவர். 1836 முதல் சில ஆண்டுகள் மதுரையில் பள்ளிகளைத் திறந்து வைத்தவர். யாழ்ப்பாணமும் மதுரையும் இந்த அமெரிக்கர்களுக்கு ஒரே வீட்டின் இரண்டு அறைகளாக இருந்தன. லெக்சிகனுக்கு முன்னோடியான 1862ஆம் ஆண்டு அகராதியைச் சென்னையில் வெளியிட்ட வின்ஸ்லோவும் யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கியவர்தான். அவர் பிறந்தது வெர்மான்ட்டில்.

என்னோடு நடந்தவர் அந்தக் கல்லூரியில் தமிழ் படித்து, ஆசிரியராக ஓய்வு பெற்றவர். லெக்சிகன் வேலை 1913இல் மதுரையில்தான் தொடங்கியது, சென்னைக்கு மாறியது பிறகுதான் என்பதை அவர் தன் வீட்டுச் செய்தி போலச் சொன்னார். மதுரைத் தமிழ்ச் சங்கம் அப்போது பாண்டித்துரைத் தேவர் காலத்து ஊக்கம் குறையாமல் இருந்தது. சங்கத்தின் செந்தமிழ் இதழை நடத்திய மு.இராகவையங்கார் லெக்சிகனின் தலைமைப் பண்டிதரானார். "ஒரு பக்கம் ராக்ஸ்பரி வம்சம், இன்னொரு பக்கம் சேதுசமஸ்தானப் புலவர் வம்சம். ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து சீட்டு அடுக்கியிருக்காங்க சார்" என்றார்.

ராக்ஸ்பரியை அவர் சொன்னதும் எனக்கு ஜான் எலியட் நினைவுக்கு வந்தார். வில்லியம் சாண்ட்லர் குடும்பம் வழிபட்ட ராக்ஸ்பரி சபையின் போதகர் அவர். சாகக் கிடந்த வில்லியமைப் பற்றிச் சபைப் பதிவேட்டில் எழுதி வைத்தவரும் அவரே. மாசசூசெட் பழங்குடி மக்களின் மொழியைக் கற்று, அதில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து 1663இல் அச்சிட்டார். அமெரிக்க மண்ணில் அச்சான முதல் வேதாகமம் ஆங்கிலத்தில் இல்லை. அந்த மக்களின் மொழியில் இருந்தது. ஆனால் குடியேற்றங்கள் பெருகப் பெருக அந்த மக்களில் பெரும்பாலோர் போரிலும் நோயிலும் அழிந்தார்கள். ஒரு காலத்தில் அந்த மொழியைப் பேச ஆளில்லாமல் போய்ப் புத்தகம் மிஞ்சியது. அதே சபையிலிருந்து கிளைத்த குடும்பத்தில் வந்தவர் இரண்டரை நூற்றாண்டு கழித்து இன்னொரு மொழிக்கு அகராதி செய்ய உட்கார்ந்தபோது, அந்த மொழி அவர் தயவை எதிர்பார்த்து நிற்கவில்லை. அவருக்கு முன்னே நிகண்டுகளும் உரையாசிரியர்களும் சங்கப் புலவர்களும் இருந்தார்கள். இந்த வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்துவிட்டு, "அந்த மொழியோட சொல்லெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். மாசசூசெட்ஸ் என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது என்றேன். வேறு சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

பசுமலை

திருப்பரங்குன்றம் சாலையில் பசுமலை. சமணர்கள் வேள்வியில் எழுப்பி ஏவிய பசுவை நந்தி வென்று மலையாக்கியது என்பது திருவிளையாடல் கதை. மலையடியில் 1845 முதல் அமெரிக்க மிஷனின் செமினரி இருந்தது. தொடங்கியவர் வில்லியம் ட்ரேசி. கனெக்டிகட்டின் நார்விச் ஊரில் 1807இல் பிறந்தவர். பாஸ்டனில் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகம் தோன்றியதும் அதே 1845இல்தான். முன்னோரைத் தேடுவது அங்கே ஒரு துறையாக வளரத் தொடங்கிய ஆண்டில், அந்த முன்னோரின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் இங்கே பனங்காட்டு வெயிலில் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தார்.

நார்விச் ஊரை 1660 வாக்கில் நிறுவியவர்களில் ஒருவர் தாமஸ் ட்ரேசி. இங்கிலாந்திலிருந்து போனவர். அவரைச் சுற்றி நடந்ததைச் சொல்ல வேண்டும். 1895இல் அமெரிக்காவில் ஒரு நூல் வந்தது. தாமஸ் ட்ரேசி குளோஸ்டர்ஷயரின் டாடிங்டன் பிரபுக் குடும்பத்தவர் என்றும், சாக்சன் அரசர்கள் வரை அவர் வம்சம் போகிறது என்றும் அது வரிசை கட்டியது. டாடிங்டன் ட்ரேசிகள் புகழ் பெற்றவர்கள்தான். 1170இல் பேராயர் பெக்கெட்டைக் கொன்ற நான்கு வீரர்களில் ஒருவரின் பெயர் வில்லியம் ட்ரேசி. 1530களில் இன்னொரு வில்லியம் ட்ரேசி, தன் ஆன்மாவுக்காகப் பூசை வேண்டாம் என்ற கருத்துப்பட உயில் எழுதியதற்காக, இறந்த பிறகு தோண்டியெடுக்கப்பட்டு எரிக்கப்பட்டார். ஆனால் நார்விச் தாமசை அந்தக் குடும்பத்தோடு சேர்க்கும் கண்ணிக்கு ஆதாரம் இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் தள்ளிவிட்டார்கள். கப்பலேறிப் போய்க் காடு திருத்தி ஊர் கட்டிய ஒரு மனிதர் பேரர்களுக்குப் போதவில்லை. அரச ரத்தம் வேண்டியிருந்தது. நம் ஊரிலும் ஆண்ட பரம்பரைச் சுவரொட்டி ஒட்டாத தெரு குறைவு.

பசுமலையில் இருந்த ட்ரேசியின் காலத்தில் நடந்தது வேறு. 1847இல் மதுரை மிஷன் தன் ஊழியர்களைச் சாதி விட்டு ஒரே பந்தியில் உண்ணச் சொன்னது. மறுத்தவர்களை வேலையிலிருந்து நிறுத்தியது. பலர் வெளியேறினார்கள், செமினரி ஆட்டம் கண்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலும் சாதிப் பிரச்சினையைச் சபைகள் சந்தித்தன. ஆனால் ரேனியஸ், கால்டுவெல் என்று எங்கள் நினைவில் நிற்பவர்கள் ஜெர்மானியரும் ஆங்கிலத் திருச்சபையாரும். இங்கே வந்தவர்கள் பேராயர் வேண்டாம், சபையே தன்னை ஆளும் என்று கடல் தாண்டிப் போனவர்களின் வழியில் வந்தவர்கள். அந்தப் பிடிவாதம் பசுமலையில் சோற்றுப் பந்தி வரை வந்திருக்கிறது. அதை அவர்கள் செய்த வேகத்திலும் கடுமையிலும் எனக்கு வருத்தம் உண்டு. செய்தது சரி என்பதில் ஐயம் இல்லை.

வளாகத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா என்னை எந்தச் சபை என்று கேட்டார். சபை இல்லை, சைவம் என்றேன். "இருக்கட்டும்யா, சாப்பிட்டுப் போங்க" என்று அழைத்துப் போய்ச் சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் அப்பளமும் போட்டார். அவர் பாட்டியின் அம்மா பசுமலைப் பள்ளியில் படித்தவராம். அம்மா, பாட்டி, பாட்டியின் அம்மா என்று மூன்று பெண்களின் பெயரைத் தங்குதடையின்றிச் சொன்னார். எனக்கு என் பாட்டியின் அம்மா பெயர் தெரியாது. தகப்பன் வழியில் ஏழு தலைமுறை சொல்வேன்.

செமினரியில் ட்ரேசிக்குப் பின் வந்த வாஷ்பர்ன், மாசசூசெட்ஸின் லெனாக்ஸ் ஊர்க்காரர். பசுமலையில் அவர் வைத்த அச்சகத்துக்கு லெனாக்ஸ் அச்சகம் என்றே பெயரிட்டார். நாவலர் சோமசுந்தர பாரதியார் பிற்காலத்தில் வாழ்ந்ததும் இதே பசுமலையில்தான். எட்டயபுரத்துக்காரர் அவர். எங்கெங்கிருந்தோ வந்தவர்களுக்கெல்லாம் இந்தச் சின்ன மலையடி இடம் கொடுத்திருக்கிறது.

திருமங்கலம், உசிலம்பட்டி

செமினரி முதலில் 1842இல் தொடங்கியது திருமங்கலத்தில். பசுமலையைத் தாண்டித் தெற்கே போகப் போக மண் கறுக்கிறது. இது கரிசலின் வாசல். பருத்திக்கும் சோளத்துக்கும் பழகிய நிலம். கண்மாய்கள் வறண்டு, கருவேலம் முளைத்து, நடுவில் மட்டும் எருமைகளுக்குப் போதுமான தண்ணீர்.

உசிலம்பட்டிப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கண்டிப்பாக ஐம்பதைத் தாண்டியவர். எந்த ஊர் என்றார். பாளையங்கோட்டை என்றேன். அதில் எந்தத் தெரு என்றார். குலசாமி எது என்றார். மூன்று கேள்வியில் என் வம்சாவளி முழுதையும் அவர் கண்டுபிடித்திருப்பார். பாஸ்டன் கழகத்துக்குக்கூட அவ்வளவு வேகம் வராது. அந்தக் கேள்விகளுக்குள் அன்பும் இருந்தது, அளவெடுப்பும் இருந்தது. இந்த நாட்டில் முன்னோரைத் தேடிக் கிளம்புகிற எவரும் ஏதோ ஓர் இடத்தில் சாதியின் படலைத் திறந்துதான் போக வேண்டியிருக்கிறது. நான் குலசாமியைச் சொல்லாமல், சாண்ட்லர் குடும்பத்தைத் தேடி வத்தலக்குண்டு போகிறேன் என்றேன். அவர் கவனம் மாறியது. "வெள்ளக்காரங்களுக்குக் குலசாமி உண்டா?" என்றார். கோயில் பதிவேடு உண்டு, அதில் பெயர் தேடுவார்கள் என்றேன். "அப்ப அதுவும் கோயிலுக்குப் போயித்தான் தேடணும்" என்று தலையசைத்தார். மாசிப் பச்சைக்கு ஊர் ஊராக வண்டி கட்டிக் குலசாமி கும்பிடப் போவதைப் பற்றி இறங்கும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். பிழைப்புக்கு மும்பை போனவனும் அந்த ஒரு ராத்திரிக்கு வந்துவிடுவானாம்.

உசிலம்பட்டியில் வடையும் டீயும். அங்கிருந்து வடக்கே விருவீடு வழியாகப் போகிற சாலையில் பெண்கள் பருத்திக் காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டுக் கிராமக் கால்வாயில் இந்த முறையாவது தண்ணீர் விடுவார்களா என்பதுதான் பேருந்து முழுக்கப் பேச்சு.

வத்தலக்குண்டு

வைகையை மறுபடி கடந்ததும் காற்று மாறுகிறது. தென்னந்தோப்பு, வாழை, நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகிற மல்லிகை மூட்டைகள். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர் சுவர் போல எழுந்து நிற்கிறது. அந்த மலையைப் பார்த்ததும் அமெரிக்கக் குடும்பங்களின் கதை வேறொரு கோணத்தில் புரிந்தது. 1840களில் காலராவும் காய்ச்சலும் அவர்களில் பெரியவர்களையும் குழந்தைகளையும் வாரிக்கொண்டு போயின. முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் கோடைக்கானலில் இரண்டு வீடுகள் எழுந்தன. இன்று தேனிலவுக்குப் போகும் ஊர், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் எஞ்சியவர்களைக் காப்பாற்ற ஏறிய இடம்.

வத்தலக்குண்டு சாண்ட்லர்களின் பணித்தளங்களில் ஒன்று. தந்தையும் இங்கே வேலை பார்த்தார், 1873இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய மகனும் இங்கே வேலை பார்த்தார். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தை இந்தச் சமவெளியில் கண்ணால் கண்டவர்கள். அதே ஆண்டுகளில் இந்த ஊர் அக்கிரகாரத்தில் ஒரு சிறுவன் வளர்ந்துகொண்டிருந்தான். 1872இல் பிறந்த ராஜம் அய்யர். பிறகு கமலாம்பாள் சரித்திரத்தை எழுதி, இருபத்தாறு வயதில் இறந்துபோனவர். அவருக்குப் பின் சுப்பிரமணிய சிவா, பி.எஸ்.ராமையா, சி.சு.செல்லப்பா என்று இந்தச் சின்ன ஊர் தமிழுக்குக் கொடுத்ததை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ராஜம் அய்யர் நாவலில் காது கொடுத்து எழுதிய தெருப் பேச்சும், பின்னாளில் அகராதி செய்யப் போகிறவர் ஊர் ஊராக வண்டியில் போய்க் கேட்ட பேச்சும் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

கடைவீதியில் வெற்றிலைக் கடைக்காரர் கொழுந்தாக நாலு எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். பக்கத்து டீக்கடையில், ஊரின் பழைய கதைகள் தெரிந்தவர் என்று சொல்லி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் வீட்டில் லெக்சிகன் இரண்டாம் தொகுதி மட்டும் இருந்தது. அட்டை போய், நூல் பிரிந்து, துணி ஒட்டியிருந்தார். யாழ்ப்பாண வழக்கு, தஞ்சை வழக்கு என்று குறிப்புப் போட்ட சொற்களை எனக்குப் புரட்டிக் காட்டினார். 1924இல் தொடங்கி 1936இல் ஆறாம் தொகுதி வெளிவந்தது. வையாபுரிப் பிள்ளை முடித்து வைத்தார். சாண்ட்லர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே போய்விட்டார்.

வில்லியம், ஆனிஸ் முதல் ஜான் ஸ்கடர் வரை நான் தாளில் எழுதி வைத்திருந்த வரிசையை அவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, மேலும் சில பெயர்களை எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தார். இராகவையங்கார் பெயரை எழுதினார். அடுத்து, பெயர் தெரியாத ஆயா என்று எழுதினார். நான் அவரிடம் ஆயாவைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "பண்டிதர்மார் இன்னும் எத்தன பேரோ, அவங்களுக்கு ஒரு வரி விடுங்க" என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார்.

கோடைக்கானல் பேருந்துகள் வாசலில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அமெரிக்காவிலிருந்து யாராவது முன்னோரைத் தேடி வருகிறார்களா என்று கேட்டேன். மலைக்கு வருவார்கள், பள்ளிக்கூடத்தையும் பழைய வீடுகளையும் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம்.

"நீங்க எழுதுனா இதையும் சேத்து எழுதுங்க தம்பி. தேடி வர்றவங்க நேரா மல ஏறிற வேணாம். வத்தலக்குண்டுல ஒரு ராத்திரி தங்கச் சொல்லுங்க. அவங்க தாத்தா கேட்ட பேச்ச இன்னைக்கும் இங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."